கரண்ட் போய் வந்தா ப்ளூடூத் ஸ்பீக்கர் சேர மாட்டேங்குது (ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ)

கோரையாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு உழவர் குழுக் கட்டடத்துல ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடுது. காலை 6.15, மாலை 5.30 ரெண்டு வேளையும் அது அறிவிப்பு பேசணும். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்திருக்காங்க, மூணாறு தலைப்புலேருந்து (ஆறு பிரியிற இடம்) வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு இதுல எதுக்குத் தண்ணி முறை, மும்முனை மின்சாரம் எந்த நேரம், இவ்வளவுதான். எண்கள் ஒரு ஃபைல்ல வந்துடும். பதிவு பண்ணி வச்ச குரல் துண்டுகளை ஸ்கிரிப்ட் கோர்த்து ஒரே வேவ் ஃபைலா ஆக்கிடும். அதுவரைக்கும் சரியா நடக்குது. ஒலி வெளியே வர்றதுலதான் சிக்கல்.

ஓஎஸ்: ராஸ்பெரி பை ஓஎஸ் லைட், புக்வார்ம் பதிப்பு, 64 பிட். மானிட்டர் கிடையாது, எஸ்எஸ்ஹெச் வழியா, அதாவது வேற கம்ப்யூட்டர்லேருந்து நெட்வொர்க்ல உள்ள போய்த்தான் வேலை. ஸ்பீக்கர் பேட்டரி உள்ள போர்ட்டபிள், மைக்கும் உண்டு. நெட் ஒரு 4ஜி ரவுட்டர்லேருந்து வைஃபை.

இப்ப நடக்கிறது:

எஸ்எஸ்ஹெச்-ல இருக்கிற வரைக்கும் ஸ்பீக்கர் பாடுது. எக்ஸிட் கொடுத்துட்டு வெளியே வந்தா கொஞ்ச நேரத்துல இணைப்பு அறுந்துடுது. அதுக்கப்புறம் கனெக்ட் கொடுத்தா "பிஆர்-கனெக்ஷன்-ப்ரொஃபைல்-அன்அவெய்லபிள்"னு பிழை.

கரண்ட் போய் வந்தா நிலைமை வேற. கனெக்ட் கொடுத்தா "ஆதென்டிகேஷன் ஃபெயில்டு". ரிமூவ் பண்ணி மறுபடி பேர் (ஜோடி) பண்ணினா சேருது, அடுத்த கரண்ட் கட் வரைக்கும்.

குறிச்ச நேரத்துக்குக் கட்டளையை ஓட்டுற க்ரான்ல போட்ட அறிவிப்பு, ஸ்பீக்கர் இணைஞ்சிருக்கும்போதுகூட வாய் திறக்கிறதில்லை. அதே கட்டளையைக் கையால அடிச்சா பேசுது.

ப்ளூடூத் சர்வீஸ் ஸ்டேட்டஸ்ல "சாப் ட்ரைவர் இனிஷியலைசேஷன் ஃபெயில்டு"ன்னு சிவப்புல ஒரு வரி வருது. காரணம் அதுதானா?

---

குடமுருட்டி எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். அந்த சாப் வரியைக் கண்டுக்காதீங்க. அது செல்போன் சிம் கார்டை ப்ளூடூத் வழியாப் படிக்கிற ஒரு பழைய வசதி. பையில அதுக்கு வேலையே இல்லை. ஸ்பீக்கர் ஒழுங்காப் பாடுற பையிலயும் அந்த வரி வரும். சிவப்புல இருக்கிறதால எல்லாரும் அதைத்தான் முதல்ல துரத்துறாங்க.

உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத கோளாறுகள். ரேடியோ, சாவி, சவுண்ட் சர்வர்னு மூணாப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தீரும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதுறேன், டெர்மினல்ல ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க.

ரேடியோ. "ப்ளூடூத்சிடிஎல் ஷோ" அடிச்சா "பவர்டு: எஸ்"னு வரணும். பேர் பண்ண முடியுது, பாடவும் செய்யுதுங்கிறதால உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்கு. இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். "நோ டீஃபால்ட் கன்ட்ரோலர்"னு வந்தா, முதல்ல "ஆர்எஃப்கில் லிஸ்ட்" போட்டு ப்ளூடூத் பிளாக் ஆகியிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா பூட் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல கன்ஃபிக் ஃபைலைத் திறந்து "டிசேபிள்-பிடி"ன்னு ஒரு டிடிஓவர்லே (வன்பொருள் அமைப்பு) வரி இருக்கான்னு தேடுங்க. வாய்க்கால் நீர்மட்ட சென்சார் மாதிரி எதையாவது போர்டோட ஜிபிஐஓ பின்கள் 14, 15-ல மாட்டினவங்க இந்த வரியைப் போட்டிருப்பாங்க. பையோட முழு யுவார்ட் (சீரியல் வழி) மேலதான் ப்ளூடூத் சிப் உட்கார்ந்திருக்கு. இந்த வரியைப் போட்டு அதை சென்சாருக்குக் கொடுத்துட்டா ப்ளூடூத் அணைஞ்சிடும். ரெண்டும் வேணும்னா சென்சாரை யுஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டுங்க.

அடுத்தது சாவி. கரண்ட் கட்டுக்கு அப்புறம் வர்ற "ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" இதுலேருந்துதான். பேர் பண்ணும்போது பையும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வச்சுக்கும். பையோட பிரதி /வார்/லிப்/ப்ளூடூத் ஃபோல்டருக்குள்ள, அடாப்டர் முகவரி, ஸ்பீக்கர் முகவரி, அதுக்குள்ள இன்ஃபோங்கிற ஃபைல்ல இருக்கு. ஒரு பக்கம் சாவி தொலைஞ்சாலோ மாறினாலோ இந்தப் பிழைதான் வரும்.

அதனால ஒண்ணு கேக்குறேன்: எஸ்டி கார்டு கெடாம இருக்க ராஸ்பி-கன்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் பண்ணி வச்சிருக்கீங்களா? அடிக்கடி கரண்ட் போற ஊர்ல அது நல்ல ஏற்பாடு, நானும் எல்லாருக்கும் சொல்றதுதான். ஆனா ஓவர்லே ஆன்ல இருக்கும்போது எழுதுற எல்லாமே ராமுக்குத்தான் போகும். கரண்ட் போனா கார்டுல முன்னாடி என்ன இருந்ததோ அதோடதான் பை எழும். நீங்க புதுசாப் போட்ட சாவி பையில இருக்காது, ஸ்பீக்கர்ல மட்டும் இருக்கும். கட்டுக்குக் கட்டு மறுபடி பேர் பண்ணவேண்டி வர்றது இதனாலதான் இருக்கணும். "ஃபைண்ட்மவுண்ட் /" அடிச்சுப் பாருங்க. வகையில "ஓவர்லே"ன்னு வந்தா வேற எங்கயும் தேடவேணாம்.

அப்படி இருந்தா செய்யவேண்டிய வரிசை இது. ராஸ்பி-கன்ஃபிக், பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ், ஓவர்லேயை ஆஃப் பண்ணி ரீபூட். ஸ்பீக்கரோட நினைவைத் துடைச்சு ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, எந்த பட்டன்னு அதோட கையேட்டுல இருக்கும். பக்கத்துல இருக்கிற போன்கள்லேருந்தும் அந்த ஸ்பீக்கரை நீக்கிடுங்க, இல்லேன்னா ரீசெட் ஆன உடனே ஏதாவது ஒரு போன் முந்திக்கும். அப்புறம் ப்ளூடூத்சிடிஎல் உள்ள போய்: "ரிமூவ்" பழைய முகவரி, "ஏஜென்ட் ஆன்", "டீஃபால்ட்-ஏஜென்ட்", "ஸ்கேன் ஆன்". ஸ்பீக்கர் பேரு திரையில வந்தப்புறம்தான் "பேர்" முகவரி, "ட்ரஸ்ட்" முகவரி, "கனெக்ட்" முகவரி. ஸ்கேன்ல வராத முகவரிக்கு பேர் கொடுத்தா "நாட் அவெய்லபிள்"னுதான் சொல்லும். ஒரே பேருல ரெண்டு முகவரி வந்தா ஒண்ணு லோ எனர்ஜி முகவரியா இருக்கலாம், அதுல பாட்டு போகாது. "ஸ்கேன் பிஆர்இடிஆர்" போட்டா சரியானது மட்டும் வரும்.

ட்ரஸ்டை விட்டுடாதீங்க. அது இல்லேன்னா ஸ்பீக்கர் தானா வந்து கதவைத் தட்டும்போது அனுமதி கேட்டு நிக்கும், மானிட்டர் இல்லாத இடத்துல அனுமதி கொடுக்க ஆள் கிடையாது. "இன்ஃபோ" முகவரி போட்டு பேர்டு, ட்ரஸ்டடு ரெண்டுக்கும் எஸ், யுயுஐடி வரிகள்ல "ஆடியோ சிங்க்" ஒண்ணு, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. இருந்தா முறையா ஒரு ரீபூட் கொடுத்து இணையுதான்னு சோதிச்சிட்டு, அப்புறம் ஓவர்லேயை ஆன் பண்ணுங்க. அதுக்கு மேல ஓவர்லே ஆன்ல இருக்கும்போது அந்த ஸ்பீக்கரை மறுபடி பேர் பண்ணவே கூடாது. பண்ணினா ஸ்பீக்கர் புதுச் சாவிக்கு மாறிடும், பை அடுத்த பூட்ல பழைய சாவியோட எழும்.

மூணாவது சவுண்ட் சர்வர். லைட் பதிப்புல, ஒலியைக் கையாளுற பைப்வயர் தானா வராது. நீங்க போட்டிருக்கணும், இல்லேன்னா பாடியே இருக்காது. ஆனாலும் இந்த நாலு பேக்கேஜும் இருக்கான்னு சரிபாருங்க: பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்ப்ளம்பர், லிப்ஸ்பா-0.2-ப்ளூடூத். கடைசி ஒண்ணு இல்லேன்னா ப்ளூடூத் இணைப்பை வாங்கிக்க யாருமே இல்லாம "ப்ரொஃபைல் அன்அவெய்லபிள்" வரும். ஜர்னல்ல (சிஸ்டம் லாக்) அதே நேரத்துல "ப்ரோட்டோகால் நாட் அவெய்லபிள்"னு ஒரு வரி நிக்கும்.

எஸ்எஸ்ஹெச்-ஐ விட்டதும் அறுபடுறதுக்கு ரெண்டு காரணம் சேர்ந்திருக்கு. பைப்வயரும், அதுல எந்தக் கருவியை இணைக்கணும்னு பாத்துக்கிற வயர்ப்ளம்பரும் யூசர் சர்வீஸ்கள். யூசர் வெளியே போனா அதுங்களும் நிக்கும். "சுடோ லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்" போட்டுப் பக்கத்துல யூசர் பேரைக் கொடுத்தா அது தீரும். ஆனா லிங்கர் மட்டும் போதாது, பல பேர் இங்கதான் மாட்டுறாங்க. புக்வார்ம்ல வர்ற வயர்ப்ளம்பர், யூசர் நிஜமாவே லாகின்ல இருக்காரான்னு லாகின் கணக்கு வைக்கிற லாகின்டிகிட்ட கேட்டுட்டுத்தான் ப்ளூடூத்தைத் திறக்கும். ஒரே மெஷின்ல ரெண்டு யூசர் ஸ்பீக்கருக்குச் சண்டை போடக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு. ஆளில்லாத கட்டடத்துல அது நமக்கு எதிரா வேலை செய்யுது.

சுலபமான வழி: ராஸ்பி-கன்ஃபிக், சிஸ்டம் ஆப்ஷன்ஸ், கன்சோல் ஆட்டோலாகின். பூட் ஆனதும் யூசர் உள்ள இருப்பார், லிங்கரும் தேவைப்படாது. ஆட்டோலாகின் வேணாம்னா /யுஎஸ்ஆர்/ஷேர்/வயர்ப்ளம்பர்/ப்ளூடூத்.லுவா.டி உள்ள இருக்கிற 50-ப்ளூஸ்-கன்ஃபிக்.லுவா ஃபைலை /இடிசி/வயர்ப்ளம்பர் கீழ அதே பேர்ல ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதுக்குள்ள காப்பி பண்ணுங்க. "வித்-லாகின்டி" வரியில ட்ரூவை ஃபால்ஸ் ஆக்குங்க, லிங்கரையும் சேர்த்துப் போடுங்க. புக்வார்முக்கு அடுத்த பதிப்பான டிரிக்ஸி ஓஎஸ்ல வயர்ப்ளம்பர் 0.5, அங்க லுவா ஃபைல் செல்லாது. இதெல்லாத்தையும் ஓவர்லே ஆஃப்ல இருக்கும்போதே முடிச்சிடுங்க.

---

பாமணி எழுதியது:

குடமுருட்டி அண்ணன் சொன்னதுக்கு மேல க்ரான் விஷயம்.

க்ரான்ல ஓடும்போது பைப்வயர் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர்ங்கிற மாறி (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துல) க்ரானோட சூழல்ல கிடையாது. கையால ஓட்டினா "ஹோஸ்ட் இஸ் டவுன்"ங்கிற பிழை வராது, க்ரான் லாக்ல பார்த்தா அது இருக்கும். யூசரோட க்ரான்டாப்லயே எழுதுங்க, சுடோ போட்டு ரூட் க்ரான்டாப்ல எழுதாதீங்க. ஸ்கிரிப்ட் தொடக்கத்துல அந்த மாறிக்கு /ரன்/யூசர்/1000-ன்னு மதிப்பு கொடுத்து எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க. 1000 முதல் யூசரோட எண். "ஐடி -யு" அடிச்சு உறுதி பண்ணிக்கலாம்.

கரண்ட் கட் நேரத்துல நடக்கிற இன்னொண்ணும் இருக்கு. பை அணையும், ஸ்பீக்கர் பேட்டரியில உயிரோடதான் இருக்கும். கொஞ்ச நேரம் பையைத் தேடிட்டு ஓய்ஞ்சிடும். பை திரும்ப எழும்போது ஸ்பீக்கர் கூப்பிடாது, பையோட ப்ளூடூத் மென்பொருளான ப்ளூஸும் பூட் ஆனவுடனே தானாப் போய்க் கூப்பிடாது. ரெண்டும் ஆன்ல இருக்கும், சேராது. சாவி சரியா இருந்தாலும் இது நடக்கும். அதனால அறிவிப்பு ஸ்கிரிப்ட்ல முதல் வரியே "ப்ளூடூத்சிடிஎல் கனெக்ட்" முகவரியா இருக்கட்டும். ஏற்கனவே இணைஞ்சிருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. அதுக்கப்புறம் "ஸ்லீப் 5", அப்புறம் "பிடபிள்யூ-ப்ளே". தோத்தா பத்து விநாடி விட்டு இன்னும் ரெண்டு தடவை முயற்சி பண்ற மாதிரி ஒரு லூப் வச்சா நல்லது.

அறிவிப்போட முதல் சொல் விழுங்கப்படும், கேட்டுப் பாருங்க. "மேட்டூர் நீர்மட்டம்"னு தொடங்கினா "டூர் நீர்மட்டம்"னு வரும். சும்மா இருக்கும்போது வயர்ப்ளம்பர் அந்த வழியைத் தூங்கப் போட்டுடும், ஸ்பீக்கரும் தன் ஆம்ப்ளிஃபயரை மியூட் பண்ணிக்கும், ரெண்டும் விழிக்க நேரம் எடுக்கும். செட்டிங்ல மாத்தலாம், ஆனா ஸ்பீக்கர் பக்கத்து மியூட் நம்ம கையில இல்லை. வேவ் ஃபைலுக்கு முன்னாடி ரெண்டு விநாடி மௌனம் சேர்க்கிறதே உறுதியான வழி. சாக்ஸ்ங்கிற ஒலி மென்பொருள் இருந்தா மூல ஃபைல், புது ஃபைல், "பேட் 2", அவ்வளவுதான்.

உங்க ஸ்பீக்கர்ல மைக் இருக்கிறதால இதையும் கவனிங்க. குரல் பழைய டெலிபோன்ல கேக்கிற மாதிரி தட்டையா வந்தா அது ஹெட்செட் ப்ரொஃபைலுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். அதுல ஒலி 8 இல்ல 16 கிலோஹெர்ட்ஸ்லதான் போகும். "பேக்டிஎல் லிஸ்ட் கார்ட்ஸ்"ல ஆக்டிவ் ப்ரொஃபைல் எதுன்னு பாருங்க. "ஏ2டிபி-சிங்க்" (பாட்டு நல்ல தரத்துல போற ப்ரொஃபைல்) இல்லேன்னா "பேக்டிஎல் செட்-கார்ட்-ப்ரொஃபைல்" போட்டு மாத்துங்க. பேக்டிஎல் வேணும்னா பல்ஸ்ஆடியோ-யுடில்ஸ் பேக்கேஜ் போடணும்.

---

கோரையாறு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, பாமணி உங்களுக்கும். ஃபைண்ட்மவுண்ட்ல ஓவர்லேன்னுதான் வந்துச்சு. ஆஃப் பண்ணி, ஸ்பீக்கரை ரீசெட் பண்ணி, பேர், ட்ரஸ்ட், கன்சோல் ஆட்டோலாகின், க்ரான் மாறி எல்லாம் போட்டு, மறுபடி ஓவர்லே ஆன். மெயினை அணைச்சுப் போட்டா இப்ப தானா சேர்ந்து பேசுது. "மேட்டூர்" முழுசாக் கேக்குது.

மிச்சம் ரெண்டு. கூட்டம் இருக்கிற நேரத்துல நடுநடுவே குரல் வெட்டி வெட்டி வருது, காலி ஹால்ல அவ்வளவு இல்லை. இன்னொண்ணு, ராத்திரி முழுக்க சும்மா இருந்தா ஸ்பீக்கர் தானா அணைஞ்சிடுது. காலையில 6.15-க்கு பை கனெக்ட் கொடுக்குது, பதில் இல்லை. பையிலேருந்து ஸ்பீக்கரை எழுப்ப வழி உண்டா?

---

அரசலாறு எழுதியது:

எழுப்ப வழி இல்லைங்க. ஸ்பீக்கர் தன்னை அணைச்சுக்கிட்டா அதோட ப்ளூடூத் ரேடியோவும் சேர்ந்து அணைஞ்சிடும். கேக்கிற காதே இல்லாதப்ப பை எவ்வளவு கூப்பிட்டாலும் பயனில்லை. சில மாடல்கள்ல ஆட்டோ ஆஃபை நிறுத்த ஒரு பட்டன் கூட்டணி இருக்கும், கையேட்டைப் பாருங்க. ராத்திரி முழுக்க மௌன ஃபைலை ஓடவிட்டு ஏமாத்துற வழியை நான் சொல்லமாட்டேன். பல ஸ்பீக்கர்கள் இணைப்பை மட்டும் பாக்கிறதில்லை, ஒலி அளவையும் பாக்குது. மௌனம்னா மௌனம்தான்னு அணைஞ்சிடும். அதோட சார்ஜர்லயே கிடந்து எப்பவும் விழிச்சிருந்தா பேட்டரி சீக்கிரம் போயிடும்.

வெட்டுறதுக்குக் காரணம் காத்துல நெரிசல். ஸீரோ 2 டபிள்யூல வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா, ரெண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்த போர்டுல கிடையாது. 3பி பிளஸ்லயும் 4-லயும் உண்டு, அங்க வைஃபையை 5-க்கு மாத்தினாலே பெரும்பாலும் தீர்ந்துடும். மனுஷ உடம்பு 2.4-ஐ நல்லா உறிஞ்சும், அதான் ஆள் கூடினா வெட்டு அதிகமாகுது. பையை ஆள் தலைக்கு மேல, ஸ்பீக்கரை நேராப் பார்க்கிற மாதிரி வைங்க. இரும்புப் பீரோவுக்குள்ளயோ உலோகக் கேஸுக்குள்ளயோ வேணாம், போர்டு ஓரத்துல முக்கோணமாத் தெரியிற ஆன்டெனா முன்னாடி எதுவும் மறைக்கக் கூடாது. எண்களை 6.05-க்கே இறக்கி வச்சிட்டு, பேசும்போது மட்டும் "ஆர்எஃப்கில் பிளாக் வைஃபை" போட்டு முடிஞ்சதும் அன்பிளாக் பண்ணலாம், ரொம்ப நல்ல பலன் கிடைக்கும். ஆனா ஸ்கிரிப்ட் பாதியில செத்தாலும் வைஃபை திரும்புற மாதிரி ட்ராப்ல அன்பிளாக்கை எழுதி வைங்க. இல்லேன்னா எஸ்எஸ்ஹெச்-ம் போயிடும், மதகு அடைச்ச வாய்க்கால் மாதிரி பை உள்ளயே கிடக்கும்.

மின்சாரத்தையும் பாத்துடுங்க. "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு" பூஜ்யம் காட்டுதேன்னு நம்பவேணாம். 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா எச்சரிக்கிற சர்க்யூட் ஸீரோ வரிசை போர்டுகள்ல இல்லை. மத்த பைகள்லதான் அந்தக் கட்டளை வோல்டேஜ் குறைவைக் காட்டும். மல்டிமீட்டரை ஜிபிஐஓ பின் வரிசையில 2-ஆவதா இருக்கிற பின்னுக்கும் (5 வோல்ட்) 6-ஆவது பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவுல வச்சு, அறிவிப்பு ஓடும்போது படிங்க. 4.75-க்குக் கீழ இறங்கினா முதல்ல கேபிளை மாத்துங்க. லைன்ல வோல்டேஜ் குறைஞ்சாலும் 100 முதல் 240 வரை தாங்குற அடாப்டர் சமாளிச்சுடும், நீளமான மெல்லிசு மைக்ரோ யுஎஸ்பி கேபிள்தான் 5 வோல்ட்டைத் தின்னுடும். அடாப்டர் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் இருக்கணும்.

இதெல்லாம் பண்ணினாலும் என் கருத்து ஒண்ணுதான்: தினம் ரெண்டு வேளை, ஆள் இல்லாம, தவறாம பேசவேண்டிய இடத்துக்கு ப்ளூடூத் ஏத்தது இல்லை. முறைத் தண்ணி எந்த ஆத்துலன்னு காத்திருக்கிறவருக்கு ஒரு காலை அறிவிப்பு தவறினா அது சின்ன விஷயம் இல்லைங்க. ஒயர் போட்டுடுங்க. ஸீரோ 2 டபிள்யூல ஆடியோ ஜாக் இல்லைதான், ஆனா யுஎஸ்பி சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோட ஒரு மைக்ரோ யுஎஸ்பி ஓடிஜி கேபிள். போர்டுல இருக்கிற ரெண்டு மைக்ரோ யுஎஸ்பில ஓரத்துல இருக்கிறது பவருக்கு, உள்பக்கம் இருக்கிறதுலதான் ஓடிஜியை மாட்டணும். அங்கேருந்து 3.5 மிமீ ஒயர் உங்க ஸ்பீக்கரோட ஆக்ஸ்க்கோ, கட்டடத்துல ஆம்ப்ளிஃபயர் இருந்தா அதுக்கோ. பூட் ஆனதும் "டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்" போட்டு யுஎஸ்பி சிங்க்கோட எண்ணைப் பாத்து "டபிள்யூபிசிடிஎல் செட்-டீஃபால்ட்" கொடுங்க. அந்த எண் பூட்டுக்கு பூட்டு மாறலாம், ஆனா தேர்வு பேரை வச்சுத்தான் சேமிக்கப்படும், அதனால ஒரு தடவை போதும். இதையும் ஓவர்லே ஆஃப்லதான் பண்ணணும்.

---

கோரையாறு எழுதியது:

கட்டடத்துல 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு இருக்குங்க, வெளியே ஹாரன் உண்டு. பை இருக்கிற இடத்துலேருந்து ஆம்ப்ளிஃபயர் பத்து மீட்டர் தள்ளி. ஆக்ஸ் ஒயர் அவ்வளவு நீளம் இழுத்தா இரைச்சல் வருமா?

---

அரசலாறு எழுதியது:

வரும். மெயின் ஒயர் பக்கத்துலயே போனா கட்டாயம் உர்ர்னு கேக்கும். பையை ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்குக் கொண்டுபோய் ஆக்ஸ் ஒயரை ஒரு மீட்டருக்குள்ள முடிச்சுடுங்க. வைஃபைதானே, பத்து மீட்டர் தள்ளினா ரவுட்டர் எட்டும். அப்படியும் இரைச்சல் இருந்தா, பையோட அடாப்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பாயிண்ட்டுல போட்டுப் பாருங்க. அதுலயும் அடங்கலைன்னா நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒண்ணு மாட்டணும்.

ஆம்ப்ளிஃபயர் வால்யூமைப் பாதியில நிறுத்தி வச்சிட்டு மிச்சத்தைப் பையில "டபிள்யூபிசிடிஎல் செட்-வால்யூம்"ல சரிபண்ணுங்க. ஹாரன்ல உச்சத்துல வச்சா மெய்யெழுத்து எல்லாம் கரகரன்னு போய், "வெண்ணாறு"ம் "கோரையாறு"ம் தூரத்துல பிரிச்சே தெரியாது.

வெளியே ஹாரன் போடுறதுக்கு எழுத்துல அனுமதி வாங்கணும், 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்ல அது இருக்கு. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே போடவே கூடாது. உங்க 6.15 அதுக்குள்ள வராது. ஆனா ஸீரோ 2 டபிள்யூல ஆர்டிசி (கரண்ட் இல்லாதப்பவும் ஓடுற கடிகாரம்) கிடையாது, நெட் இல்லாம எழுந்தா கடிகாரம் தப்பாயிடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு ஜிபிஐஓவுல மாட்டி, கன்ஃபிக் ஃபைல்ல ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே வரியைச் சேர்த்துடுங்க. இந்த ஓவர்லே வேற, ஃபைல் சிஸ்டம் ஓவர்லே வேற, குழப்பிக்காதீங்க.